விடியற்காலை இரண்டு மணித் தண்ணீர்

வடசென்னையின் பழைய வண்ணாரப்பேட்டையில் நாங்கள் இருந்தது ஒண்டுக்குடித்தனம். ஏழு குடும்பங்களுக்கு ஓர் அடிபம்பு. மெட்ரோ வாட்டர் வரும் நேரத்தை யாரும் எழுதி ஒட்டியதில்லை என்றாலும், விடியற்காலை இரண்டு மணியை ஒட்டிப் பம்பின் கைப்பிடி முதன்முறை கிறீச்சிட்டதும் வீட்டுக்கு ஒருவர் எழுந்துவிட வேண்டும் என்பது எல்லாரும் அறிந்த சட்டம். எங்கள் வீட்டில் அந்த ஒருவர் அம்மா. நான் கல்லூரிக்குப் போகத் தொடங்கிய பிறகு வாரத்தில் மூன்று நாள் நான். எட்டுக் குடம் பிடித்து, குறுகலான படியேறி, மாடியிலிருந்த பிளாஸ்டிக் டிரம்மில் ஊற்றிவிட்டுப் படுக்கும்போது மூன்றரை ஆகியிருக்கும். மறுபடி கண்ணயர்வதற்குள் பால்காரர் வந்துவிடுவார். அந்த நாட்களில் இது ஒரு குறையாகவே எனக்குத் தோன்றியதில்லை. நகரம் முழுவதும் இப்படித்தான் எழுந்து படுக்கிறது என்று நம்பியிருந்தேன்.

2012ஆம் ஆண்டு, மனைவிக்கும் வேலை கிடைத்து வீட்டுக்குள் இரண்டாவது சம்பளம் வரத் தொடங்கிய பின், திருவான்மியூரில் ஓர் அடுக்குமாடி வீட்டுக்கு வாடகைக்கு மாறினோம். மாறிய முதல் வாரம், விடியற்காலை இரண்டு மணிக்கு அம்மா எழுந்து கூடத்தில் விளக்குப் போடாமல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தேன். தண்ணீர் கீழே சம்ப்பில் நிரம்புகிறது, அங்கிருந்து மோட்டார் அதை மொட்டைமாடித் தொட்டிக்கு ஏற்றுகிறது, மோட்டாரைப் போடுவது வாட்ச்மேனின் பொறுப்பு என்றெல்லாம் அவருக்கு விளக்கியிருந்தேன். மனத்துக்குப் புரிந்தது உடம்புக்குப் புரிய ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்று. என் அலுவலகமும் வேலையும் சம்பளமும் மாறவில்லை. தெரு மட்டுமே மாறியது. ஆனால் அந்தத் தெரு எனக்கு நாளொன்றுக்கு ஒன்றரை மணி நேரத்தைத் திருப்பிக் கொடுத்தது.

ஒரு பகுதியின் வாழ்க்கைத் தரத்தைப் பற்றிப் பேசும்போது சாலை, பூங்கா, மருத்துவமனை, பள்ளி, பாதுகாப்பு என்று வரிசையாக அடுக்குவது வழக்கம். அந்த வரிசையோடு எனக்குச் சண்டையில்லை. ஆனால் நகரின் வடக்கிலும் தெற்கிலும் வாழ்ந்து பார்த்தவன் என்ற முறையில், அவை அனைத்தையும் ஒரே கோலால் அளக்க முடியும் என்று நினைக்கிறேன்: அந்தப் பகுதி தன்னிடம் குடியிருப்பவரின் நாளிலிருந்து எத்தனை மணி நேரத்தை எடுத்துக்கொள்கிறது? பணமும் படிப்பும் உத்தியோகமும் உள்ளவர்கள் வாழும் தெருவில் தண்ணீரும் குப்பை வண்டியும் காய்கறியும் வாசலுக்கு வருகின்றன. இல்லாதவர்கள் வாழும் தெருவில் ஒவ்வொன்றையும் தேடி மனிதர் போகிறார், வரிசையில் நிற்கிறார், நாளை வரச் சொன்னால் நாளையும் போகிறார்.

2019ஆம் ஆண்டுக் கோடை இதை எனக்குத் தெளிவாகக் காட்டியது. அந்த ஜூன் மாதத்தில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் ஏறக்குறைய வறண்டுபோக, ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவர வேண்டியதாயிற்று. வறட்சி எல்லாருக்கும் பொதுவாகத்தான் வந்தது. எங்கள் குடியிருப்பில் சங்கம் கூடித் தனியார் லாரிகளை வரவழைத்து, செலவை வீட்டுக்கு வீடு பங்கிட்டது. அந்த மாதப் பராமரிப்புக் கட்டணம் ஏறியது, எல்லாரும் முணுமுணுத்துவிட்டுக் கட்டினோம். வண்ணாரப்பேட்டையில் என் சித்தி வீட்டிலோ, மெட்ரோ வாட்டர் லாரி எப்போது வரும் என்று தெரியாததால், தினக்கூலிக்குப் போகும் மகன் ஒரு நாள் விட்டு ஒரு நாள் வேலையை விட்டுத் தெருமுனையில் குடங்களுக்குக் காவல் நின்றான். எங்களுக்கு அந்தக் கோடையில் செலவு கூடியது. அவர்களுக்கு வரவே நின்றது. இரண்டையும் ஒரே தண்ணீர்ப் பஞ்சம் என்று செய்தித்தாள்கள் எழுதின.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. பழைய மதராஸ், கோட்டைக்குள் வெள்ளையர் நகரம், வெளியே கறுப்பர் நகரம் என்று பிரிந்து கிடந்த காலத்தில், 1772இல் கோட்டைக்குக் குடிதண்ணீர் போனது எங்கள் வடக்குப் பக்கத்திலிருந்த ஏழு கிணறுகளிலிருந்துதான். ஏழுகிணறு என்று இன்றும் அந்த இடத்துக்குப் பெயர் இருக்கிறது. நல்ல தண்ணீர் ஊறிய மண்ணில் வாழ்ந்தவர்களுக்கு, அது யாருக்குப் போய்ச் சேரும் என்று முடிவு செய்யும் அதிகாரம் இருக்கவில்லை.

அப்படியானால் மக்கள் ஏன் நல்ல பகுதிக்கு மாறிக்கொள்வதில்லை என்று என் அலுவலக நண்பர் ஒருவர் உண்மையான வியப்போடு கேட்டார். முதல் விடை அட்வான்ஸ். மாத வாடகையை எப்படியாவது கட்டிவிடக்கூடிய குடும்பங்கள்கூட, பத்து மாத வாடகையை ஒரே தவணையில் முன்பணமாக வை என்றால் நின்றுவிடும். 2019இல் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டம், இரு தரப்பும் வேறு விதமாக ஒப்பந்தம் செய்துகொள்ளாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது என்கிறது. அந்த ‘வேறு விதமாக’ என்ற சொல்லுக்குள் பத்து மாத அட்வான்ஸ் சௌகரியமாக உட்கார்ந்துகொள்கிறது. உண்மையில் வாடகை என்று நாம் தருவது சுவருக்கும் கூரைக்கும் மட்டுமான பணமில்லை. ரயில் நிலையம் நடக்கும் தொலைவில் இருப்பதற்கும், மழைநீர் வடிவதற்கும், மரநிழலுக்கும், குழாயில் தண்ணீர் வருவதற்கும் சேர்த்துத்தான் வீட்டுக்காரர் விலை சொல்கிறார். அவற்றை ஏற்படுத்தியது பெரும்பாலும் அரசின் பணம். அவற்றுக்குரிய வாடகை போவது அவர் பைக்கு.

இரண்டாவது விடையைச் சொல்லும்போது நம் சமூகம் குரலைத் தாழ்த்திக்கொள்கிறது. திருவான்மியூரில் வீடு தேடிய இரண்டு மாதங்களில், சம்பளச் சீட்டைக் கேட்டவர்களைவிட ‘நீங்க சைவமா?’ என்று கேட்டவர்கள் அதிகம். அந்தக் கேள்வி சமையலறையைப் பற்றியது மட்டுமில்லை என்பது கேட்டவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். சமூகப் பொருளாதார நிலை என்று ஆய்வாளர்கள் சொல்லும்போது வருமானம், கல்வி, தொழில் மூன்றையும் கணக்கில் எடுக்கிறார்கள். தமிழ்நாட்டில் நான்காவதாகச் சாதியைச் சேர்க்காமல் எந்தத் தெருவையும் புரிந்துகொள்ள முடியாது. முதலாம் இராசராசனின் தஞ்சைக் கோயில் கல்வெட்டுகளில், வரி நீக்கப்பட்ட நிலங்களின் பட்டியலில் ஊர்நத்தத்தோடு கம்மாணசேரி, பறைச்சேரி, தீண்டாச்சேரி என்று தனித்தனியாக வருகின்றன. யார் எங்கே குடியிருக்க வேண்டும் என்பதைக் கல்லில் வெட்டி ஆயிரம் ஆண்டு ஆகிறது. அந்தச் சேரி என்ற சொல் இன்று வேளச்சேரியில் வந்தால் மதிப்பு, தனியாக வந்தால் இழுக்கு.

அரசு இதில் ஒன்றும் செய்யவில்லை என்று சொல்வது அநியாயமாகும். 1970இல் குடிசை மாற்று வாரியம் தொடங்கப்பட்டது. 1971ஆம் ஆண்டுச் சட்டத்தின் பெயரிலேயே ‘மேம்பாடு’ முதலிலும் ‘அகற்றுதல்’ பின்னாலும் வருகின்றன. தொடக்க ஆண்டுகளில் குடிசை இருந்த இடத்திலேயோ அருகிலேயோ மூன்று நான்கு மாடிக் கட்டடங்கள் எழுந்தன. நகரின் நடுவில் இன்றும் நிற்கும் பழைய ‘ஹவுசிங் போர்டு’ வீடுகள் பல அப்படி வந்தவையே. வீடு சிறியது, படிக்கட்டு இருட்டு, பூச்சு உதிரும். ஆனாலும் வேலைக்கு நடந்து போகலாம். 2000ஆம் ஆண்டை ஒட்டிக் கணக்கு மாறியது. நகரின் உள்ளே நிலத்தின் விலை ஏற ஏற, ஆற்றோரங்களிலிருந்து அகற்றப்பட்டவர்களும், 2004 சுனாமியில் வீடிழந்தவர்களும் தெற்கே பழைய மாமல்லபுரம் சாலைப் பக்கம் கண்ணகி நகருக்கும் செம்மஞ்சேரிக்கும், பின்னர் பெரும்பாக்கத்துக்கும் அனுப்பப்பட்டார்கள். கண்ணகி நகரில் மட்டும் 15,000க்கும் மேற்பட்ட வீடுகள். 2021இல் வாரியத்தின் பெயர் தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று மாற்றப்பட்டது. வாழ்விடம் என்ற சொல் வீட்டைவிடப் பெரியது என்பதால் அந்த மாற்றத்தை நான் வரவேற்கிறேன், பெயர்ப்பலகை அளவிலாவது.

என் பள்ளித்தோழர் ஒருவர், திருமணத்துக்குப் பின் சிந்தாதிரிப்பேட்டையில் கூவத்தின் ஓரமாகக் குடியேறியவர், 2015 டிசம்பர் வெள்ளத்துக்கு அடுத்து வந்த ஆண்டுகளில் குடும்பத்தோடு பெரும்பாக்கத்துக்கு மாற்றப்பட்டார். அவருக்கு மீன் மார்க்கெட்டில் சுமை இறக்கும் வேலை. புதிய வீடு 400 சதுர அடிக்குள். எட்டு அடுக்குக் கட்டடத்தில் ஆறாவது மாடி. கழிப்பறையும் சமையல் மேடையும் வீட்டுக்குள்ளேயே இருக்கின்றன. கூவத்தோரத்தில் தார்ப்பாய்க்கூரைக்குக் கீழே இருந்த இடத்தோடு ஒப்பிட்டால் இது பல மடங்கு நல்ல வீடு என்பதை அவர் எப்போதும் மறுத்ததில்லை. ஆனால் மார்க்கெட்டில் லோடு வருவது விடியற்காலை மூன்று மணிக்கு. அந்த நேரத்துக்கு இருபத்தைந்து கிலோமீட்டர் தாண்டிப் போய்ச் சேரப் பேருந்து கிடையாது. எனவே வாரத்தில் ஐந்து இரவு அவர் மார்க்கெட்டின் நடைபாதையிலேயே படுத்துக்கொள்கிறார். நல்ல வீடு கிடைத்தபின் வீட்டில் உறங்க முடியாதவராகிவிட்டார். எழும்பூரில் நான்கு வீடுகளில் வேலை செய்துவந்த அவர் மனைவி, காலையில் இரண்டு மணி நேரம், மாலையில் இரண்டு மணி நேரம் பேருந்தில் போனதோடு பயணச் செலவும் கூடியதால், இரண்டு வீடுகளை விட்டுவிட்டார்.

பக்கத்திலேயே வேலை தேடிக்கொள்ளக் கூடாதா என்றால், அங்கேதான் இந்தத் திட்டத்தின் மிகப் பெரிய பிழை இருக்கிறது என்பேன். கூவத்தோரக் குடிசைப் பகுதி எவ்வளவு மோசமாக இருந்தாலும், அதைச் சுற்றிக் கடையும் அலுவலகமும் மார்க்கெட்டும் வசதியுள்ளவர் வீடும் கலந்திருந்தன. ஒரு கதவு மூடினால் தட்ட இன்னொரு கதவு இருந்தது. இங்கோ ஒரே வருமானம், ஒரே தொழில்கள், ஒரே நெருக்கடி உள்ள ஆயிரக்கணக்கான குடும்பங்கள் ஒரே இடத்தில். எல்லாரும் வேலை கேட்பவர்கள், கொடுப்பவர் இல்லை. மாதக் கடைசியில் கைமாற்றாக ஐந்நூறு ரூபாய் கேட்டால், பக்கத்து வீட்டிலும் அதே தேதிக்கு அதே தட்டுப்பாடு. முன்பு கடன் சொன்ன மளிகைக்கடைக்காரர் இருபது ஆண்டு முகம் பார்த்துக் கொடுத்தார். அந்த முகம் புதிய இடத்தில் செல்லாது. கட்டடங்கள் எழுந்த காலத்தில் பெரும்பாக்கம் மாநகராட்சி எல்லைக்கு வெளியே இருந்த ஓர் ஊராட்சி என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

இது என் நண்பரின் வீட்டுக் கதை மட்டுமில்லை என்பதற்கு அகமதாபாத்தில் நடந்த ஓர் ஆய்வு துணை நிற்கிறது. 1987இல் சுயதொழில் செய்யும் பெண்களின் சங்கமான சேவா அமைப்பைச் சேர்ந்த குடிசைப்பகுதிப் பெண்கள் 497 பேரிடையே குலுக்கல் நடத்தி, 110 பேருக்கு நகரின் விளிம்பில், மையத்திலிருந்து சுமார் 12 கிலோமீட்டர் தொலைவில், மலிவு விலையில் வீடு தரப்பட்டது. குலுக்கல் என்பதால், வென்றவரையும் தோற்றவரையும் பின்னாளில் ஒப்பிடுவது நியாயமான ஒப்பீடு. பதினான்கு ஆண்டு கழித்துப் பார்த்தபோது, வென்றவர்களுக்கு வீடு நன்றாக இருந்தது. குடும்ப வருமானத்திலும் பிள்ளைகளின் நிலையிலும் தோற்றவர்களைவிட எந்த முன்னேற்றமும் இல்லை. உறவுகளிடமிருந்தும், அவசரத்துக்குக் கை கொடுக்கும் ஆட்களிடமிருந்தும் அவர்கள் விலகிப்போயிருந்தார்கள். வென்றவர்களில் 34 சதவீதம் பேர் அங்கே குடியேறவே இல்லை. மேலும் 32 சதவீதம் பேர் குடியேறிய பின் வெளியேறினார்கள். மூன்றில் இரண்டு பங்கினர், தமக்கு விழுந்த பரிசை வேண்டாம் என்று விட்டிருக்கிறார்கள்.

அப்படியென்றால் இடம் மாறுவதால் பயனே இல்லையா என்று கேட்கலாம். அமெரிக்காவில் 1994 முதல் 1998 வரை ஐந்து பெருநகரங்களில் நடந்த சோதனை வேறொன்றைச் சொல்கிறது. அங்கே அரசுக் குடியிருப்புகளில் இருந்த ஏழைக் குடும்பங்களில் சிலவற்றைக் குலுக்கலில் தேர்ந்து, வறுமை குறைந்த பகுதிகளில் வாடகைக்குப் போக உதவித்தொகை தந்தார்கள். பெரியவர்களின் வருமானம் அதனால் உயரவில்லை. ஆனால் பதின்மூன்று வயதுக்கு முன் அப்படி மாறிய பிள்ளைகள், இருபதுகளின் நடுவில், மாறாதவர்களைவிட 31 சதவீதம் அதிகம் சம்பாதித்ததாக 2015இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் முரண்பாடு இல்லை. அமெரிக்காவில் ஏழைகள் கலந்து வாழ அனுப்பப்பட்டார்கள். அகமதாபாத்தில் தொலைவுக்கு அனுப்பப்பட்டார்கள். நாம் தேர்ந்துகொண்டது இரண்டாவதை.

பெரும்பாக்கத்துக்கு நான் போகும் வழி செம்மொழிச் சாலை. அந்தச் சாலையில் நீச்சல்குளமும் காவலாளிகளும் கொண்ட உயரமான அடுக்ககங்கள் இருக்கின்றன, பெரிய தனியார் மருத்துவமனை இருக்கிறது, 2022இல் திறக்கப்பட்ட செம்மொழித் தமிழாய்வு மத்திய நிறுவனத்தின் கட்டடம் இருக்கிறது. எல்லாம் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தின் ஓரத்து மண். மழை பெய்தால் எல்லாருக்கும்தான் தண்ணீர் நிற்கிறது. ஆனால் அடுக்ககத்தில் ஜெனரேட்டர் ஓடுகிறது, லிஃப்ட் ஏறுகிறது, வீட்டிலிருந்தே அலுவலக வேலை நடக்கிறது. நண்பரின் கட்டடத்தில் மின்சாரம் நின்றால், ஆறாவது மாடிக்குக் குடத்தோடு ஏறுவது மறுபடி மனிதக் கால்கள். நில அளவைப் புத்தகத்தில் இரண்டும் ஒரே கிராமம்.

முகவரியே ஒருவர் மேல் சுமையாகிவிடுவதும் உண்டு. நண்பரின் மூத்த மகள் பட்டப்படிப்பு முடித்து ஒரு நிறுவனத்தில் நேர்காணலுக்குப் போனபோது, எல்லாம் சுமுகமாக நடந்து, எங்கே குடியிருக்கிறீர்கள் என்ற கேள்விக்குப் பின் பேச்சு சுருங்கிவிட்டது. அடுத்த நேர்காணலில் அவள் திருவான்மியூர் என்று எங்கள் வீட்டு முகவரியைச் சொன்னாள்; வேலை கிடைத்தது. இரண்டு நிறுவனங்களும் வேறு வேறு என்பதால் இதை நிரூபணம் என்று நான் சொல்லமாட்டேன். அவள் அப்படித்தான் புரிந்துகொண்டாள் என்பதை மட்டும் பதிவு செய்கிறேன். கண்ணகி நகரின் சுவர்களில் சில ஆண்டுகளுக்கு முன் பெரிய ஓவியங்கள் தீட்டப்பட்டபோது, பெயின்ட் அடித்தால் பசி போகுமா என்று நானும் ஏளனமாகப் பேசியவன்தான். இப்போது அவ்வளவு உறுதியாகச் சொல்லமாட்டேன். 2025இல் ஆசிய இளையோர் போட்டியில் தங்கம் வென்ற இந்தியக் கபடி அணியில் ஆடிய கார்த்திகாவைக் ‘கண்ணகி நகர் கார்த்திகா’ என்று ஊரே அழைத்தபோது, மறைக்கப்பட்டுவந்த ஒரு முகவரி பெயருக்கு முன்னால் வந்து நின்றது. நண்பரின் இளைய மகள் அந்தச் செய்தித்தாள் படத்தை வெட்டி வீட்டுக் கதவில் ஒட்டியிருக்கிறாள்.

வடக்கே காற்றைப் பற்றியும் சொல்ல வேண்டும், சுருக்கமாகவே சொல்கிறேன். 2009இல் மத்திய மாசுக்கட்டுப்பாட்டு வாரியம் நாட்டின் தொழிற்பகுதிகளை மதிப்பிட்டபோது, மணலி கடுமையாக மாசுபட்டவற்றின் பட்டியலில் இடம்பெற்றது. அனல்மின் நிலையமும் எண்ணெய் சுத்திகரிப்பும் உரமும் துறைமுகமும் வடக்கே; 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய்ப் படலம் பரவியபோது மீனவர்கள் அதை வாளியால் அள்ளியதை எல்லாரும் தொலைக்காட்சியில் பார்த்தோம். அங்கே உற்பத்தியாகும் மின்சாரத்தில்தான் திருவான்மியூரில் என் மோட்டார் ஓடுகிறது.

நேரம்தான் அளவுகோல் என்று தொடங்கினாலும், பயணச் செலவை உண்மையாகக் குறைத்த ஒரு நடவடிக்கையைச் சொல்லாமல் விட முடியாது. 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்தது. நண்பரின் மனைவி, விட்ட இரண்டு வீடுகளில் ஒன்றை மறுபடி பிடித்தார். பேருந்துச் செலவு போகக் கையில் ஒன்றும் நிற்காது என்பதால் விட்ட வேலை அது. வீடு இருந்த இடத்திலேயே இருக்க, தெரு அதே தெருவாக இருக்க, ஒரு பயணச்சீட்டின் விலை அவருடைய வாழ்க்கைத் தரத்தை உயர்த்திவிட்டது. மெட்ரோ ரயில் கதை அவ்வளவு எளிதில்லை. 2019இல் வண்ணாரப்பேட்டைக்கும், 2021இல் விம்கோ நகருக்கும் ரயில் வந்தபோது எங்கள் ஆட்கள் பட்டாசு வெடித்தார்கள். நாங்கள் குடியிருந்த ஒண்டுக்குடித்தன வீடு இடிக்கப்பட்டு, லிஃப்ட் வைத்த நான்கு மாடிக் கட்டடம் வந்திருக்கிறது. நிலையத்திலிருந்து நடக்கும் தொலைவு என்பது இப்போது வாடகையில் சேர்ந்துவிட்டது. அடிபம்பைச் சுற்றி நின்ற ஏழு குடும்பங்களில் ஒன்றுகூட இன்று அந்தத் தெருவில் இல்லை.

சென்ற மாதம் பெரும்பாக்கத்துக்குப் போயிருந்தபோது, நண்பர் ஒரு நோட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். சிந்தாதிரிப்பேட்டையிலேயே ஒரு சந்துக்குள் ஒற்றை அறை காலியாக இருக்கிறதாம். மாத வாடகை, அட்வான்ஸ், இரண்டு பேருக்கும் மிச்சமாகும் பயண நேரம், அந்த நேரத்தில் மனைவி இன்னொரு வீட்டில் வேலை எடுத்தால் வரும் பணம், மகளுக்குப் பள்ளி மாற்றும் செலவு என்று வரிவரியாக எழுதி, கூட்டிக் கழித்துப் பார்த்தார். அட்வான்ஸ் வரியில் மட்டும் பேனா நின்றது. அந்த அறை இந்த வீட்டில் பாதிகூட இல்லையே என்றேன். வீட்டில் தூங்கலாமில்லையா என்றார். அடுப்பருகே நின்றபடி கேட்டுக்கொண்டிருந்த அவர் மனைவி ஒரே ஒரு நிபந்தனை சொன்னார்: “எவ்வளவு சின்ன ரூமா இருந்தாலும் பரவாயில்லண்ணா, குழாய் உள்ள இருக்கான்னு மட்டும் கேட்டுச் சொல்லச் சொல்லுங்க.”